பதினோராம் கேள்வியைக் கேட்டவர்

2008 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40
வெள்ளவத்தை, கொழும்பு 6

அமரர் அல்பிரட் சூசைதாசன் அவர்களின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக, அவருடைய குடும்பத்தினருக்கும் அவரை அறிந்தவர்களுக்கும்.

1. செய்தி வந்த விதம்

கடந்த செவ்வாய்க்கிழமை, மார்ச் 4ஆம் திகதி, காலை 7.20 மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் சூசைதாசனின் மகள் நிர்மலா. "அங்கிள், அப்பா விடிய அஞ்சரைக்குப் போயிட்டார். நெஞ்சு நோகுதெண்டு சொன்னவர், தண்ணி கேட்டவர், அவ்வளவுதான்" என்றார். கையில் பேனா இருந்தது. கலண்டரின் ஓரத்தில் 5.30 என்று எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்த பின்னரே ஆறுதல் சொன்னேன்.

வியாழக்கிழமை அடக்கத்துக்காகக் கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டுக்குப் போனேன். வழியில் இரண்டு இடங்களில் பஸ்ஸிலிருந்து இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். அதனால் பதினைந்து நிமிடம் பிந்திப்போய், கூட்டத்தின் பின்னால் வாசலோரம் நின்றேன். அவருடைய மனைவி றோஸ்மேரி என்னைக் கண்டுவிட்டார். "ஐயா, வெயிலுக்க நிக்காதேங்கோ. இங்கால வந்து இருங்கோ" என்று சொல்லி, பெட்டிக்குப் பக்கத்தில் உறவினர்களுக்காகப் போட்டிருந்த கதிரைகளில் ஒன்றில் என்னை இருத்தினார். நான் அமரத் தகாத கதிரை அது. அமர்ந்தேன்.

புறப்படும்போது நிர்மலா என்னிடம் இந்த மலரைப் பற்றிச் சொன்னார். "அப்பாவோட வேலை செய்தவையில இப்ப நீங்கள் மட்டும்தான் அங்கிள் மிச்சம். திகதியெல்லாம் உங்களுக்குத்தான் சரியாத் தெரியும். ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ." திகதிகள் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத மூன்று நாட்கள் எடுத்தன.

2. அவர் குழுவுக்கு வந்தது

1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனம், கொழும்புக்கு அருகே கட்டவென்று, மின் உற்பத்திக்கான புதிய வகைச் சிறிய அணு உலை ஒன்றின் வடிவமைப்பை அரசாங்கத்திடம் கையளித்திருந்தது. அதுவரை உலகில் எங்கும் கட்டப்படாத வடிவமைப்பு. அதைக் கொள்கையளவில் ஏற்கலாமா என்று ஆராய ஐவர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. தலைவர் ஓய்வுபெற்ற ஒரு சிங்களப் பேராசிரியர். நான் ஓய்வுபெற்று ஆறு ஆண்டுகளின் பின் ஒப்பந்தத்தில் மீண்டும் அழைக்கப்பட்ட செயலாளர். குழுவில் நால்வர் அணுவைப் படித்தவர்கள். ஐந்தாமவரான சூசைதாசன் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் முப்பத்தோர் ஆண்டுகள் நீராவிக் கொதிகலன்களைப் பரிசோதித்தவர். நீராவியை நேரில் பார்த்தவர் ஒருவராவது வேண்டும் என்று தலைவரே அவரைக் கேட்டுப் பெற்றார்.

முதற்கூட்டம் மார்ச் 7ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. வரவுப் பத்திரத்தில் அவர் 7/3 என்று மட்டும் எழுதி ஒப்பமிட்டிருந்தார். நான் அதைத் திருப்பிக் கொடுத்து, ஆண்டு எங்கே என்று கேட்டேன்.

"இந்த வருஷம்தான் ஐயா. போன வருஷம் என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை."

"எழுத்தில் இருக்க வேண்டும்."

"கடவுள் உலகத்தைப் படைச்ச திகதியும் உங்கட கோப்பில இருக்கும் போல. நேரத்தோட."

ஆண்டை எழுதிவிட்டு, நிறுவனம் அனுப்பிய தடித்த புத்தகத்தைத் திறந்தார். முதற்பக்கத்தில் நீல வானமும் வெள்ளைக் கட்டடமுமாக ஒரு வண்ணப்படம். அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஒரு காகம்கூட இல்லை. இது கொழும்புக்குக் கிட்ட இல்லை ஐயா, வேற எங்கயோ" என்றார். அன்று முழுவதும் நான் முகத்தைச் சிரிக்காமல் வைத்திருக்கச் சிரமப்பட்டேன்.

மார்ச் 15ஆம் திகதி அவர் என்னை ஒருகொடவத்தைக்கு அழைத்துப் போனார். கூட்டத்தில் பேசுவது விளங்காமல் நான் எழுதுகிறேன் என்பது அவருடைய முறைப்பாடு. சரக்குக் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையில் விறகால் எரியும் பழைய போய்லர் ஒன்று இருந்தது. நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை விரலால் தட்டிக் காட்டினார். "இதில தண்ணி தெரியாட்டி நான் ஆரையும் நம்பமாட்டன். பேராசிரியரையும் நம்பமாட்டன், பாதிரியாரையும் நம்பமாட்டன்." பிறகு அடுப்பின் கதவைத் திறந்து, நீண்ட இரும்புக் கோலால் எரியும் விறகை முன்னால் இழுத்துக் காட்டினார். தண்ணீர் குறைந்துவிட்டால் முதல் வேலை நெருப்பை வெளியே இழுத்துப் போடுவதாம். என் வெள்ளைச் சட்டையில் கரி பட்டது.

"அணு உலையும் போய்லர்தான் ஐயா. ஆனா அதில நெருப்பை இழுத்து வெளியில போடேலாது. நிப்பாட்டின பிறகும் அது சுட்டுக்கொண்டே இருக்கும். அப்ப தண்ணி போய்க்கொண்டே இருக்கோணும். தண்ணியை ஆர் அனுப்புறது?"

"பம்பு."

"பம்பை ஆர் ஓட்டுறது?"

"மின்சாரம்."

"கறண்ட் போயிட்டுது."

"டீசல் இயந்திரம் இருக்கிறது என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள்."

"டீசலும் இல்லை. அதுக்குப் பிறகு?"

புத்தகத்தில் அதற்கு மேல் இல்லை என்றேன். "அவங்களுக்கும் தெரியாது. அதைத்தான் கேக்கப் போறம்" என்றார். அதுதான் அவருடைய முழு முறையும். ஒவ்வொரு விடைக்கும் பின்னால் அமைதியாக, கோபமே இல்லாமல், அதுக்குப் பிறகு என்று கேட்பார். கேட்கப்படுபவருக்குத்தான் கோபம் வரும்.

அந்த முறையிலேயே பதினெட்டுக் கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். மார்ச் 21ஆம் திகதிக் கூட்டத்தில் குழு அதை ஏகமனதாக ஏற்றது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு பிரதியாகத் தட்டச்சு செய்து என்னிடம் வைத்துக்கொண்டவன் நான். அடியில் என் முன்னெழுத்துகளும் திகதியும் உள்ளன. பதினோராம் கேள்வி இது: வெளியிலிருந்து வரும் மின்சாரமும் சேமித்து வைத்த எரிபொருளும் ஒரே நாளில் இல்லாமற்போனால், உலைக்கு எத்தனை மணித்தியாலம் நீர் கிடைக்கும், எதன் விசையால்? அது போர்நிறுத்தம் நிலவிய மாதம். யாரும் தாக்குதலை நினைத்து அந்தக் கேள்வியை எழுதவில்லை. கொதிகலன் பார்த்த ஒருவருக்கு இயல்பாக வரும் கேள்வி அது.

3. நான் எழுதிய அறிக்கை

எங்கள் குழுவின் கூட்ட அறிக்கைகளில் பேசியவரின் பெயர் வருவதில்லை. குழு வினவியது, குழு கலந்துரையாடியது என்றே எழுதுவோம். ஜூலைக் கூட்ட அறிக்கையில் அவர் அரைமணி நேரம் வாதிட்டதை நான், எரிபொருள் வழங்கல் குறித்துக் குழு கலந்துரையாடியது என்று எழுதியிருந்தேன். தேநீர் இடைவேளையில் அவர் என்னைத் தேடி வந்தார்.

"ஐயா, என்ர கேள்வியை ஒரு வரிக்குள்ள அடக்கம் பண்ணிப் போட்டியள். ஒரு பூவாவது வைச்சிருக்கலாம்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாற்பது ஆண்டுகள் அறிக்கை எழுதியவன் நான். என் எழுத்தைப் பற்றி எவரும் அப்படிச் சொன்னதில்லை. இனி ஒரு சொல்லும் விடாமல் எழுதுகிறேன், பெயரோடு எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்கோ, பயப்பட என்ன இருக்கு" என்றார். அவர் சம்மதித்தார் என்பதற்குள் நான் ஒளிந்துகொள்ள விரும்பவில்லை. சொன்ன சொல்லுக்காகத் தனியொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கே பெயர் எழுதாத வழக்கம் இருந்தது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

செப்டெம்பர் 12ஆம் திகதி நிறுவனத்தின் பிரதிநிதி கூட்டத்துக்கு வந்தார். உலைக்கான டீசல் தீர்ந்தால் நகரத்தின் பெரிய எண்ணெய்க் களஞ்சியங்களிலிருந்து கொண்டுவரலாம் என்று அவர்களுடைய புத்தகத்தில் இருந்தது. அப்போது போர் மறுபடி தொடங்கி ஐந்து மாதமாகிவிட்டது. சூசைதாசன் பதினோராம் கேள்வியைக் கேட்டார். இரண்டும் ஒரே நாளில் நடப்பதற்கு வாய்ப்பில்லை என்றார் பிரதிநிதி. சூசைதாசன் ஒரு தாளை எடுத்து, ஒருகொடவத்தைப் பக்கத்தில் இருந்த அந்த எண்ணெய்த் தாங்கிகளை வட்டங்களாக வரைந்து, ஒன்று தீப்பிடித்தால் அடுத்தது எப்படிப் பிடிக்கும், எண்ணெய் ஏற்றும் பவுசர் வண்டிகள் எந்த வீதியில் வரமுடியாமற்போகும் என்று பென்சிலால் காட்டினார். பிரதிநிதி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் அனைத்தையும் எழுதினேன். திரு. அ. சூசைதாசன், முற்பகல் 11.25, தாங்கிகள் எரிந்தால் என்ற சொற்கள், அவருடைய பென்சில் படம் மூன்றாம் இணைப்பாக. ஏழு பிரதிகள் எடுத்து, விநியோகப் பட்டியலில் இருந்த ஏழு காரியாலயங்களுக்கும் அனுப்பினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிக நிறைவான கூட்ட அறிக்கை அதுதான்.

ஒக்டோபர் 20ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, தமிழ் இயக்கத்தின் தாக்குதலில் அந்த எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. வெள்ளவத்தையில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தாலே வடக்கு வானம் கறுத்திருந்தது. முற்பகலில் அவர் தொலைபேசியில் அழைத்தார். "பாத்தியளோ ஐயா? அங்க வேலை செய்யிற பொடியள் என்ன ஆனாங்களோ தெரியேல்லை. இதைத்தானே நான்..." அவர் முடிப்பதற்குள், போனில் கதைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நவம்பர் 2ஆம் திகதி, வியாழக்கிழமை, இறந்தோர் நினைவுநாள். காலையில் தாயின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வீட்டுக்கு வந்தவரைப் பொலிஸார் விசாரணைக்கென்று கூட்டிப் போனார்கள். ஏழு பிரதிகளில் எது அவர்களிடம் போனது என்பதை நான் அறியேன்.

4. நான் சொல்லாதது

நவம்பர் 6ஆம் திகதி, திங்கட்கிழமை, முற்பகல் 10.15 மணிக்கு என்னையும் விசாரிக்க வந்தார்கள். இரண்டு அதிகாரிகள். மரியாதையாகவே பேசினார்கள், ஆங்கிலத்தில். முதற்கேள்வி என் பிறந்த இடம். வடக்கே பருத்தித்துறை என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள். பிறகு என் அறிக்கையை மேசையில் வைத்து, தாங்கிகள் எரிவதைப் பற்றி இந்த மனிதர் ஒரு மாதத்துக்கு முன்னமே எதற்காகக் கேட்டார் என்று வினவினார்கள்.

பதினெட்டுக் கேள்விகளின் பட்டியல் என் மேசையின் இடதுபக்க இழுப்பறையில் இருந்தது. அவர்களுடைய முழங்காலுக்கும் அதற்கும் இரண்டடி தூரம். அதை எடுத்து வைத்து, இது தாக்குதலுக்கு ஒரு நாள் குறைய ஏழு மாதங்களுக்கு முன் முழுக்குழுவும் ஏற்ற கேள்வி, எந்த உலையைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிடம் போதும்.

"சொன்னதை எழுதுவது மட்டுமே என் வேலை. காரணம் எனக்குத் தெரியாது" என்றேன்.

பட்டியலின் அடியில் என் முன்னெழுத்துகள் இருந்தன. இரண்டு தமிழர் சேர்ந்து தயாரித்த தாளாக அது தோன்றும் என்று பயந்தேன். இது உண்மை. இன்னொன்றும் உண்மை. தேநீர் மேசையில் எழுந்த அந்தச் சிரிப்பு எனக்கு மறந்திருக்கவில்லை. என்னை முழுக்க எழுதச் சொன்னவர் அவரே, அனுபவிக்கட்டும் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், என் மனதில் ஓடியது. பயத்தை மட்டும் இங்கு எழுதிவிட்டு நிறுத்தினால், நான் இன்னொரு முறை சுருக்கிய அறிக்கை எழுதியவனாவேன்.

அன்று மாலையே பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமாரித் தட்டில் விரித்திருந்த பத்திரிகைத்தாளுக்கு அடியில் வைத்தேன்.

நவம்பர் 12ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணியளவில் றோஸ்மேரி கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு குடை மட்டும்.

"ஐயா, நேற்று அவரை அஞ்சு நிமிசம் பாக்க விட்டவை. ஏதோ கேள்விப் பட்டியலாம், மார்ச் மாசம் எழுதினதாம். அது இருந்தாப் போதும், விளங்கப்படுத்தலாம் எண்டவர். 'செயலாளர் ஐயாவைக் கேள், அந்த மனுசன் ஒரு காகிதத்தையும் எறியமாட்டார்' எண்டு சொன்னவர்."

அலுமாரி அவருக்குப் பின்னால் இருந்தது. "தேடிப் பார்க்கிறன் தங்கச்சி" என்றேன். அவர் நம்பினார். தேநீர் குடித்தார். போகும்போது, "உங்களுக்கும் கரைச்சல் வரப்படாது, கவனம் ஐயா" என்றார்.

டிசெம்பர் 14ஆம் திகதி சூசைதாசன் இல்லாமலே குழு கூடியது. தலைவர் இருதய சிகிச்சைக்காக வெளிநாடு போயிருந்தார். அந்த வடிவமைப்பைக் கொள்கையளவில் ஏற்கலாம் என்று மற்ற மூவரும் பரிந்துரைத்தனர். நிலுவையில் கேள்விகள் எவையும் இல்லை என்று அறிக்கையில் எழுதியவன் நான். அந்த வரியை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அறிக்கைகள் வழமையாக அப்படித்தான் முடியும்.

ஜனவரியில் தலைவர் திரும்பி வந்து செய்தி அறிந்ததும் என்னைத்தான் முதலில் கேட்டார். அல்பிரட்டின் பட்டியல் ஒன்று இருந்ததே, எங்கே? பழைய கோப்புகளில் இல்லை என்றேன். இரண்டு மாதங்களுக்கு முன் அதிகாரிகளிடம் காரணம் தெரியாது என்று சொன்னவனால் அதன் பிறகு பட்டியல் உண்டென்று சொல்ல முடியவில்லை. நோயாளியான அந்த மனிதர் தாமே விசாரணை அதிகாரிகளிடம் போய், இரண்டு மணித்தியாலம் இருந்து, ஒரு தாளில் உலையையும் பம்பையும் வரைந்து, இது கொதிகலன் பரிசோதகன் கேட்கும் கேள்வி என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். 1996 ஜனவரி 23ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, சூசைதாசன் வீட்டுக்கு வந்தார். எண்பத்திரண்டு நாட்கள். பட்டியலைக் காட்டியிருந்தால் அது நான்கு நாட்களாக இருந்திருக்கும்.

5. வெள்ளவத்தை ரயில் நிலையம்

அவர் மீண்டும் குழுவுக்கு அழைக்கப்படவில்லை. அந்த உலையும் வரவில்லை. போரில் இருக்கும் நாட்டுக்கு யாரும் கடன் தரமாட்டார்கள் என்று நிறுவனமே விலகிக்கொண்டது. அதைக் கேட்டபோது அவர் சொன்னது: "கேள்விக்கு மறுமொழி கிடைக்கேல்லை ஐயா. கேள்வி கேக்க வேண்டிய தேவைதான் இல்லாமப் போச்சு. ரெண்டும் ஒண்டில்லை."

என்னிடம் அவர் முகம் திருப்பவில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேக் துண்டுகளைப் பெட்டியில் அனுப்பினார். அட்டையில் ஆண்டு உட்பட முழுத் திகதியும் இருக்கும்.

2003 ஓகஸ்ட் 17ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தையில் ஒரு கலியாணத்துக்கு வந்தவரை ரயில் ஏற்றிவிட நிலையம் வரை போனேன். மாலை 4.50 கோட்டை ரயில் பிந்தியிருந்தது. கடல் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் திடீரென்று கேட்டார்.

"பழைய கந்தோர்க் காகிதங்கள் ஏதும் வைச்சிருக்கிறியளோ ஐயா?"

"இல்லை. எல்லாம் கொடுத்துவிட்டேன்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்தது. ஏறி, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வேறு எவருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "பதினொண்டை மட்டும் பத்திரமா வைச்சிருங்கோ."

அவருக்குத் தெரிந்திருந்தது. ஏழு ஆண்டுகளாக அவர் எனக்குக் கேக் அனுப்பிக்கொண்டிருந்தார், தெரிந்துகொண்டே. நான் நடைமேடையில் நின்று, ரயில் பம்பலப்பிட்டிப் பக்கம் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு அன்றைக்குப் பின் நான்கரை ஆண்டுகள் இருந்தன. கேட்கவில்லை. தகுந்த நாள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

றோஸ்மேரி தங்கச்சிக்கு: நீங்கள் வந்த அன்று அந்தத் தாள் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இதை வாசித்த பிறகு என்னை அந்தக் கதிரையில் இருத்தியதற்காக நீங்கள் வருந்தினால், அது நியாயம்.

நிர்மலாவுக்கு: இந்த மலரில் இதை அச்சிடுவதா விடுவதா என்பது உங்கள் தாயின் முடிவு. அச்சிட்டால் சுருக்க வேண்டாம். என் பெயரோடு அச்சிடவும்.

சூசைதாசனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான், அவருடைய இரண்டு சொற்கள். எனக்கு எழுபத்தொன்பது வயதாகிறது. நான் எனக்கே சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு காரணத்தின் முடிவிலும், பயம், பிறந்த ஊர், இழுப்பறை, முன்னெழுத்துகள், எல்லாவற்றின் முடிவிலும் அவர் கோபமே இல்லாமல் கேட்கிறார்: அதுக்குப் பிறகு?

க. வேலாயுதபிள்ளை

இத்துடன் இணைத்துள்ளவை:

1. 1995 செப்டெம்பர் 12ஆம் திகதிய கூட்ட அறிக்கையின் என்னுடைய பிரதி, மூன்றாம் இணைப்பாகிய பென்சில் படத்துடன்.

2. 1995 டிசெம்பர் 14ஆம் திகதிய கூட்ட அறிக்கையின் கடைசிப் பக்கம். நான் எழுதிய வரியின் கீழ்க் கோடிட்டுள்ளேன்.

3. கிறிஸ்மஸ் அட்டைகள், 1996 முதல் 2007 வரை, பன்னிரண்டு.

4. 1995 மார்ச் 21ஆம் திகதிய கேள்விப் பட்டியல், மூலம், இரண்டு தாள்கள். பதினோராம் கேள்வி இரண்டாம் தாளின் மேற்பகுதியில் உள்ளது. இதற்குப் பிரதி எடுத்து வைக்கவில்லை.